கத்தாழை பூத்தால் வருகிறேன்

போன மாதம் ஒரு காலையில் மருமகள் கையில் போனோடு சமையலறையிலிருந்து ஓடி வந்து, "அத்தே, இதைப் பாருங்களேன்" என்றாள். தென்னமெரிக்காவில் எங்கேயோ, மேகம் உரசுகிற ஒரு மலைச்சரிவில் நிற்கும் செடி அது. அடியில் முள்முள்ளாக ஒரு பெரிய உருண்டை. அதன் நடுவிலிருந்து தூண்மாதிரி ஒரு பூந்தண்டு, மூன்று மாடி உயரத்துக்கு. கீழே ஒருவன் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான், சுண்டைக்காய் அளவுக்குத்தான் தெரிகிறான். ஒரு மனிதனின் ஆயுளுக்கு மேலே காத்திருந்து, ஒரே ஒரு தடவை பூத்துவிட்டு, பூத்த கையோடு செத்துப்போகுமாம். மருமகள் கண்ணை விரித்து விரித்துப் படித்துக் காட்டினாள்.

"அட போம்மா, இதுக்கா அடுப்புல பாலை வெச்சுட்டு ஓடியாந்தே? இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் எங்க வேலியில நின்னுகினு எங்க நைனாவைப் படுத்தின பாடு உனுக்குத் தெரியுமா?" என்றேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "எழுதி வைங்க அத்தே" என்றாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவள் நான். எழுத வருமா வராதா என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

எங்கள் நிலம் நகரிப் பக்கம். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், படித்தால் சண்டைக்கு வருவார்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை, என் அத்தை. அவளைத் தூரத்தில் கொடுக்க மனசு வராமல், பக்கத்து ஊரில் எங்கள் நிலத்தை ஒட்டியே நிலமும் வீடும் இருந்த மாமாவுக்குக் கட்டி வைத்தார். "கூப்பிட்டா கேக்குற தூரத்துல இருக்கணும் என் தங்கச்சி" என்பாராம். அந்தத் தூரம்தான் வினையாகப் போயிற்று. கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்த வருசம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நைனா மதராஸ் கட்சி. "திருத்தணி முருகன் எங்க கீறாரோ நானும் அங்கதான்" என்பார். மாமா வீட்டில் பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் புழங்கும். எந்த ராஜ்ஜியமானால் எனக்கென்ன, மழை பெய்தால் சரி என்பது அவர் கட்சி. அதையும் அவர் தெலுங்கில் சொல்லித் தொலைப்பார். நைனாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இரண்டு பேரும் காபி ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்து கத்துவார்கள், பிறகு ஒருவருக்கொருவர் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள்.

அதுவரைக்கும் பரவாயில்லை. மாமாவின் ஆடுகளுக்கு ராஜ்ஜியம் தெரியவில்லை. அவை எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் புகுந்து மேய்ந்துவிட்டன. ஒரு தடவை சொன்னார், இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை நைனா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் அரசாங்கப் பட்டியில் அடைத்துவிட்டார். தங்கை புருஷனின் ஆட்டை யாராவது பட்டியில் அடைப்பார்களா? எங்கள் நைனா அடைப்பார்.

அதோடு விட்டாரா? "எனுக்கு வேலி வேணும், நாளைக்கே வேணும்" என்று வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். ரயில் பாதை ஓரத்தில் வேலிக்காக ஆனைக்கத்தாழை நட்டு வைத்திருந்த காலம். தெலுங்கில் கித்தநார என்பார்கள். எல்லோரும் அதில் கன்று எடுத்து வந்து நடுவார்கள். நைனாவுக்குக் கன்று வளரும்வரை பொறுமை ஏது? முற்றிய பெரிய கத்தாழைகளாகப் பார்த்து வேரோடு பெயர்த்து, வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எல்லையில் வரிசையாக நட்டார். சாம்பல் பூத்த பச்சையில் தடித்தடி மடல்கள், இரண்டு ஓரமும் ரம்பப் பல், நுனியில் கோணி ஊசி. மாடுகூடக் கிட்டே போகாது.

ஆனால் அத்தை வீட்டுச் சினை ஆடு ஒன்று போயிற்று. ஒருநாள் காலையில் எங்கள் பக்கத்துக் கொல்லையில் வயிறு கிழிந்து செத்துக் கிடந்தது. முள்ளில் மாட்டிக் கிழிந்ததுதான், பார்த்தாலே தெரியும். மாமாவுக்கு அந்தக் கோபத்தில் கண் தெரியவில்லை. "மச்சான்தான் அடிச்சுக் கொன்னுட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நைனாவோ, நான் அதன்மேல் கையைக்கூட வைக்கவில்லை என்றார். பஞ்சாயத்து கூடிற்று, பேசிற்று, கலைந்தது. ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் தீராத வழக்குக்கு ஒரே கோர்ட்டுதான். காணிப்பாக்கம். கோயில் குளத்தில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது என்பது நம்பிக்கை. அதனால் பாதி வழக்குகள் கோயில்வரைக்கும் போகாது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே பொய் சொன்னவன், "வாங்க, பேசிக்கலாம்" என்று திரும்பி வந்துவிடுவான். எங்கள் வீட்டு வழக்கு போய்ச் சேர்ந்தது. நைனா, அம்மா, மாமா, அத்தை, இரண்டு ஊர்ப் பெரியவர்கள், இடுக்கில் நான். எனக்கு அங்கே வாங்கித் தந்த முறுக்குதான் நன்றாக நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் அம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டியது.

நைனா சொட்டச் சொட்ட நின்று, "ஆட்டை நான் அடிக்கல. இது சத்தியம்" என்றார். மாமாவின் முகம் தொங்கிப் போயிற்று. ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். வழக்கு முடிந்தது. அதோடு படியிறங்கி வந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியதில்லை. எங்கள் நைனா ஒன்று கேட்டால் ஒன்றரை கொடுக்கிறவர். "இன்னொண்ணும் கீது" என்றாராம். "என்மேல பழி போட்டான் பாரு, இவன் வாசப்படிய இனிமே நான் மிதிக்க மாட்டேன். நான் நட்ட கத்தாழ என்னிக்குப் பூக்குதோ அன்னிக்குத்தான் மிதிப்பேன். இதுவும் சத்தியம்."

குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்பார்களே, அந்த மாதிரிதான் சொன்னார். கத்தாழை பூத்து எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ரயில் பாதையோரத்தில் நடுக்குருத்து கிளம்பும் முன்பே கயிறு திரிக்கிறவர்கள் மடலை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது பூக்கிற சாதி என்றே யாருக்கும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு அம்மா, "உன் நாக்குல சனி குந்திகினு கீதுய்யா" என்றாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. நைனாவும் அத்தையும் பேசாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். தினமும் பேசுவார்கள், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு. கருவாட்டுக் குழம்பு வைத்தால் அத்தை கிண்ணத்தை மடல்களுக்கு மேலே நீட்டுவாள், நைனா எம்பி வாங்கிக்கொள்வார். கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்று குரல் கொடுப்பார். மாமா எதிரில் வந்தால் மட்டும் வானத்தைப் பார்ப்பார். பொங்கலுக்குத் தங்கைக்குக் கொடுக்க வேண்டிய சீரைச் சட்டிப்பானையோடு அம்மா தலையில் ஏற்றி அனுப்புவார். நானும் கூடவே போவேன். அத்தை மகள் எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவள், பேன் பார்ப்பதிலிருந்து புளியங்காய் அடிப்பதுவரை எல்லாவற்றுக்கும் எனக்கு அவள்தான் கூட்டு.

அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை திருப்பதியில் பஸ் கண்டக்டர். வைகாசியில் முகூர்த்தம். மணப்பெண்ணுக்கு நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். அது இல்லாமல் எங்கள் சாதிசனத்தில் தாலி ஏறாது. தாய்மாமன் யார்? எங்கள் நைனா. அத்தை அம்மாவிடம் வந்து உட்கார்ந்துகொண்டு அழுதாள். "எனுக்கு அண்ணன்னு ஒருத்தன். செத்துப் பூட்டான்னா சரி, படத்தை மாட்டி வெச்சுகினு கல்யாணம் பண்ணலாம். தோ, வேலியாண்ட குத்துக்கல்லாட்டம் உசுரோட நின்னுகினு கீறானே, நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

அம்மா ஒரு வழி சொன்னாள். சத்தியம் மாமாவின் வாசப்படியைப் பற்றித்தானே? கல்யாணத்தைத் திருப்பதியில் வைத்துக்கொண்டால் எந்தப் படியையும் மிதிக்க வேண்டியதில்லையே. நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்தப் பொண்ணு எனுக்கு. அதுக்குச் சொந்த வூட்டாண்ட பந்தல் போடலன்னா ஊரு இன்னா பேசும்? பொண்ணுகிட்ட ஏதோ கொறை, அதான் மலைக்கு இட்டுகினு போய் மறைச்சுக் கட்டிட்டான்னு சொல்லமாட்டான்?" என்றாராம். அதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்ததுதான் தொல்லை.

இந்த நிலைமையில்தான் மாசி மாதத்தில் ஒருநாள் அம்மா கொல்லையிலிருந்து திரும்பி வந்து, "ந்தா, உன் கத்தாழ என்னமோ காட்டுது, போய்ப் பாரு" என்றாள். நைனாவோடு நானும் ஓடினேன். வேலி வரிசையின் நடுவில் நின்ற பெரிய கத்தாழை ஒன்றின் உச்சியிலிருந்து ஒரு தண்டு கிளம்பியிருந்தது. மேலே கூம்பி, மூங்கில் முளை மாதிரி, ஆனால் என் தொடை தடிமனில். நைனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா அது?" என்று கேட்டேன். "சும்மா இரு" என்றார்.

தண்டு வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு சந்தையன்று என் தோள் உயரத்தில் இருந்தது அடுத்த சந்தைக்குள் நைனாவின் தலையைத் தாண்டிவிட்டது. ஊரே வந்து பார்த்தது. பூக்கப் போகிறது என்று சிலர், கங்கையம்மன் எழுந்து வருகிறாள் என்று சிலர். ஒரு பெண் மஞ்சள் துணி கட்டி, கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர்கள், அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர்கள் என்று திருவிழாக் கூட்டம். எல்லோருக்கும் காணிப்பாக்கத்துச் சங்கதி தெரியும். எங்கள் நைனா என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள்.

அத்தைக்கு ஒரே பயம். வீம்புக்கு அண்ணன் தண்டை வெட்டிப் போட்டுவிட்டால்? "அண்ணி, அந்த அருவாளை எங்கனா ஒளிச்சு வை" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவும் அதை நெல் கொட்டி வைத்திருந்த குதிருக்குள் சொருகிவிட்டாள். மறுநாள் மாட்டுக்குத் தழை அறுக்க அரிவாளைத் தேடி நைனா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். "எவன் வூட்டுல அருவா காணாம பூடும்? வூட்டுல நாலு பொம்பள இருந்தா இப்பிடித்தான்" என்று கத்தினார். வீட்டில் இருந்த பெண்கள் அம்மாவும் நானும்தான். கோபம் வந்தால் நைனாவுக்குக் கணக்கு வராது.

அவர் அதை வெட்ட நினைத்ததே இல்லை என்பது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில், நைனா கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து போய் அந்தக் கத்தாழையின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாறையில் நட்டாலும் பிழைக்கிற செடி அது. அதற்குப் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? வேர்க்கடலை வாடிக்கொண்டிருக்கிறது, இவர் வேலிக்குத் தண்ணீர் விடுகிறார். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்து, "வெயிலு ஜாஸ்தியா கீது, அதான்" என்றார். அவருக்கும் அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போக அவ்வளவு ஆசை. வாயைத் திறந்து சொல்லத்தான் வராது.

எல்லை முடிவான சமயமும் அதுதான். எங்கள் ஊர் மதராஸுக்கு, அத்தை ஊர் ஆந்திராவுக்கு என்று ஆயிற்று. நிலம் அளக்க ஆட்கள் சங்கிலியோடு வந்தார்கள். தூரத்திலிருந்தே தெரிகிறது என்று அந்தத் தண்டில் ஒரு கொடியைக் கட்டி, அதைக் குறிவைத்து அளந்தார்கள். "நான் போட்ட வேலியத்தான் கவுருமெண்டே எல்லையா வெச்சுகிச்சு" என்று நைனா பீற்றிக்கொண்டார். எல்லைக்கல் விழுந்த இடம் வேலியிலிருந்து தள்ளித்தான், ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? அளக்க வந்த அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, மெதுவாக, "சார், இது எப்ப பூக்கும்?" என்று கேட்டார். "அதை ஏன் ஐயா என்னைக் கேட்கிறீர், நான் பூமி அளக்க வந்தவன்" என்று அவர் இளநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்திரை முடியும்போது தண்டு பனைமரத்துக்குப் பாதி உயரம் வந்திருந்தது. மேலே இரண்டு பக்கமும் கிளை விட்டு, ஒவ்வொரு கிளை நுனியிலும் கைப்பிடி கைப்பிடியாகப் பச்சை மொட்டுகள். எல்லோரும் தினமும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். மொட்டு தடித்தது, திறக்கவில்லை. வைகாசி பிறந்தது. பந்தக்கால் நட்டார்கள். மொட்டு அப்படியே இருந்தது. தேதியைத் தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. கத்தாழை பூப்பதற்காகக் கல்யாணம் காத்திருக்கிறது என்று எந்தச் சம்பந்தியிடம் போய்ச் சொல்ல முடியும்?

கல்யாணத்துக்கு முன்தினம் மாமாவே வேலிக்கு வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. "மச்சான்" என்று கூப்பிட்டார். நைனா வானத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார். "ஆட்டைப் பத்தி நான் சொன்னது தப்பு. முள்ளு கிழிச்சதுதான், எனுக்கு அன்னிக்கே தெரியும். என் வாயில மண்ணப் போடு. பொண்ணுக்குப் பட்டம் கட்ட வா மச்சான்" என்றார். அப்படிப்பட்ட மனுசன் அழுதேவிட்டார்.

நைனா கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். "மொட்டு பூவாகுமா மாப்ளே?" என்றார்.

"மொட்டு வுட்டா பூத்த மாதிரிதானே. பிள்ளையாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அவரு சொல்ல மாட்டாரு. செய்வாரு" என்றார் நைனா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சத்தியம் மீறினால் பிள்ளைகள் தலையில் விடியும் என்பார்கள். அவருக்கு இருந்தது நான் ஒருத்தி. எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகவும் முடியவில்லை.

கல்யாணத்தன்று அம்மாவும் நானும் மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் போட்ட பந்தலும் வாசப்படியில் சேர்த்திதான் என்பது நைனாவின் கணக்கு. பந்தலிலிருந்து பார்த்தால் வேலி தெரியும். நைனா புது வேட்டி கட்டிக்கொண்டு அங்கே நின்றார். பட்டத்தை மட்டும் அம்மாவிடம் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக நிற்க, அத்தைக்குப் பங்காளி முறையில் அண்ணன் ஒருவரைத் தேடிப் பிடித்து வேறு பட்டத்தோடு உட்கார வைத்திருந்தார்கள். அந்த அண்ணன் அத்தை மகளைக் கடைசியாகப் பார்த்தது அவளுக்குக் காது குத்தும்போது.

"தாய்மாமன் வாங்க, பட்டம் கட்டுங்க" என்று ஐயர் கூப்பிட்டார். அந்த அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். மணையில் உட்கார்ந்திருந்த அத்தை மகள் உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொண்டாள். "எங்க மாமன்தான் கட்டணும்" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் கல்யாணப் பெண் வாய் திறந்து பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "பேசாத குந்துடி" என்றாள். ஆனால் பெண் எழுந்துவிட்டாள். கூறைப்புடவையும் மாலையுமாக, வெறுங்காலோடு, பந்தலை விட்டு இறங்கி வேலியைப் பார்த்து நடந்தாள். ஐயர் முகூர்த்தம் போகிறது என்று கத்துகிறார். நாதஸ்வரக்காரருக்கு ஒன்றும் புரியாமல், பெண் எழுந்து போனால் கூடவே வாசிக்க வேண்டும்போல என்று அவரும் ஊதிக்கொண்டே பின்னால் போனார்.

நான் முன்னாலேயே ஓடிவிட்டதால் எல்லாவற்றையும் கிட்டே இருந்து பார்த்தேன். அவள் மடல்களுக்கு இடையில் தலையை நீட்டினாள். "கட்டு மாமா" என்றாள். நைனா மடியிலிருந்து பட்டத்தை எடுத்தார். முடிச்சு தலைக்குப் பின்னால் போட வேண்டும். இரண்டு கையையும் முள்ளுக்குள் விட்டு அவள் தலையைச் சுற்றிக் கொண்டுபோனார். ரம்பப் பல் முழங்கைவரை இழுத்தது. மெதுவாகத்தான் கட்டினார், முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். "நல்லா இரும்மா" என்றார். "மாமா, கையெல்லாம் ரத்தம்" என்று அவள் அழுதாள். பின்னால் நின்ற பெண்களெல்லாம் அழுதார்கள், நானும் அழுதேன். அத்தை மட்டும் வேலிக்கு வரவில்லை. பந்தல் ஓரத்தில் நின்று பார்த்தாள், பெண் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கத்தாழைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும். நைனாவின் கைகள் இரண்டும் வீங்கி, அரிப்பெடுத்து, ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தார். அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டாள். பூசும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "கைய மட்டும் அனுப்பலாம்னு பிள்ளையாரு சொன்னாரா? கால்தான் தீட்டா?" என்று கேட்டாள். நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனி கடைசியில் பூத்தது. கீழ்க்கிளைதான் முதலில் திறந்தது. மஞ்சள் மஞ்சளாக, மேல்நோக்கிப் பிடித்த தூரிகைபோல இழை இழையான பூக்கள். அழகு என்று சொல்ல மாட்டேன், பெரிது என்று வேண்டுமானால் சொல்லலாம். வாசனையும் அப்படியொன்றும் இல்லை, பழம் கனிந்து அழுகப்போகிற வாடை. தேனீயும் மைனாவும் மொய்த்தன. நைனாதான் விடியற்காலையில் பார்த்துவிட்டு வந்து, "பூத்துடுச்சு, ஏ, பூத்துடுச்சு" என்று வாசலிலிருந்தே கத்தினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சவரம் செய்துகொண்டார். குளித்தார். கல்யாணத்துக்குக் கட்டிய அதே வேட்டியைக் கட்டினார். அத்தைக்கு ஒரு புடவை, வாழைப்பழம், தேங்காய், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு, வேலியைச் சுற்றி ரோட்டு வழியாக, ஊர் பார்க்க நடந்தார். பின்னால் அம்மாவும் நானும். மாமா வீட்டு வாசலில் ஒரு நொடி நின்றார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். மாமா ஓடிவந்து, "வா மச்சான், வா வா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை கூடத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "பூத்துச்சா?" என்று கேட்டாள்.

"பூத்துச்சும்மா. நீயே போய்ப் பாரு, எம்மாம் பெருசு" என்றார் நைனா.

"அதான் வந்தியா."

நைனாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அத்தை கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். சத்தம் போடாமல்தான் பேசினாள். "சாமிக்குச் சொன்ன பேச்சு, மீறக் கூடாதுன்னு எல்லாரும் எனுக்குச் சொன்னாங்க. நானும் சரின்னு வாய மூடிகினேன். அப்பால யோசிச்சுப் பாத்தேன். பிள்ளையாரு உன்னை ஆட்டைப் பத்தித்தானே அண்ணா கேட்டாரு? என் வாசப்படியப் பத்தி அவரு உன்னைக் கேட்டாரா? அது நீயா சேத்துகினது."

எதற்கும் ஒன்றுக்கு ஒன்றரை பதில் வைத்திருக்கிற நைனா, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாதான் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அத்தை எழுந்து உள்ளே போய் ஒரு வாழை இலையைக் கொண்டுவந்து போட்டாள். "குந்து. துன்னுட்டுப் போ" என்றாள். நைனா உட்கார்ந்தார். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நைனா பிசைந்துகொண்டே வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அத்தை மகளைத் தேடுகிறார், பழைய ஞாபகம். "கொழந்த எங்க?" என்று கேட்டார்.

"அதுக்குக் கல்யாணம் ஆகிப் புருசன் வூட்டுக்குப் பூடுச்சே" என்றாள் அத்தை. "பாக்கு வெச்சுக் கூப்பிட்டோம். நீதான் வரல."

நைனா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே சத்தம் போட்டு அழுதார். அத்தை மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். இலை காயும்வரை அவள் திரும்பி வரவில்லை.